இராசதுரையின் இடது பெருவிரல்

பின்னேரம் நாலு மணிக்கு, திருகோணமலை உட்துறைமுக வீதியில் மழை சரிந்து பெய்துகொண்டிருந்த நேரம், காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு இராசதுரையின் போன் அவருடைய இடது பெருவிரலை ஏற்க மறுத்தது. ஒருதரம் வைத்தார், போன் மெல்ல நடுங்கிவிட்டுச் சும்மா கிடந்தது. காற்சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தார். மூன்றாம் தரம் வாயால் ஊதிக் காயவைத்து, பிள்ளைக்குச் சோறு தீத்துகிற பொறுமையோடு வைத்தார். அடையாளம் பொருந்தவில்லை என்றது திரை. மழைக்காலத்தில் இப்படி நடக்கிறதுதான் என்று இலக்கத்தை அடித்துத் திறந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

விரல் உரித்த வெங்காயம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஒரு ரேகை இல்லை. சின்ன வயதில் பாக்குவெட்டி கடித்துக் குறுக்கே விழுந்திருந்த தழும்பும் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அவரோடு கிடந்த தழும்பு அது. கோணேஸ்வரி புதிதாக வாங்கிய சவர்க்காரத்தில்தான் பிழை என்று உடனே தீர்ப்புச் சொன்னார். வீட்டில் எந்தப் பிழைக்கும் கோணேஸ்வரியில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது முப்பது வருடப் பழக்கம்.

இராசதுரை பெரிய மனிதர். இதை ஊர் சொல்லவில்லை. அவரே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் ஊருக்கு வாய் திறக்க அவகாசம் கிடைக்கவில்லை. வீட்டின் முன்னறைதான் கந்தோர். சுவரில் வெள்ளைக்காரர் நாலு பேரோடு அவர் நின்ற படம் பெரிய சட்டத்துக்குள் தொங்கும். கட்சிக்காரர் உட்கார ஒரு மரக்கதிரை, அவருடைய தடித்த உடம்பு உட்கார ஒரு தோல் கதிரை. பேசத் தொடங்குமுன் இரண்டுதரம் தொண்டையைச் செருமுவார். எதிரில் இருப்பவன் வாயை மூடவேண்டும் என்பதற்கான மணி அது. போனை எப்போதும் முகங்குப்புறத்தான் மேசையில் வைப்பார், தன் இரகசியத்துக்கு ஊரே காத்துக் கிடக்கிறது என்ற நினைப்பில்.

அந்த விரலுக்கு ஒரு கதை இருந்தது. பத்து வருடத்துக்கு முன் எவனோ ஒருவன் அவருடைய கையெழுத்தை அச்சாகப் போட்டு ஒரு காணியை விற்றுவிட்டான். நீதிமன்றத்தில் தான் தான்தான் என்று நிரூபிக்க அவர் பட்ட பாடு நாய் படாது. அன்று முதல் முடிக்கிற ஒவ்வொரு உறுதியிலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது பெருவிரலையும் மையில் தோய்த்துக் குத்துவார். கையெழுத்தைக் கள்ளன் போடலாம், விரலைப் போடேலாது. இந்த விரல்தான் இராசதுரை என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விரலை நிமிர்த்திக் காட்டுவார். இப்போது அந்த விரல் வெறும் சதைத்துண்டாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிளாக்கர் கஜந்தி கதவடியில் வந்து நின்று, சல்லிக் கிராமத்துத் தேனுகா காலையிலிருந்து விறாந்தையில் இருக்கிறா, பிள்ளையும் நனைஞ்சுபோய் இருக்குது என்றாள். இது நாலாந்தரம். முந்தின மூன்று தரமும் இராசதுரை வாதக் காலை இழுத்துக்கொண்டு பின்கதவால் கோயிலுக்குப் போய்விட்டார். சல்லியில் மழையே பெய்கிறதில்லையோ, நனையட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். விரல் மேசை விளிம்பில் வழுக்கியது. ஏனோ அந்தப் பழைய பைலின் நினைவு வந்தது.

ஆறு வருடத்துக்கு முந்திய வைகாசியில், கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்த காலத்தில், ஒரு வெள்ளைக் கப்பல் வந்தது. துறைமுகத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வெளியே போய், கரையிலிருந்து பதின்மூன்று கடல்மைலில் நின்றது. பன்னிரண்டாவது மைலோடு நாட்டின் சட்டம் முடிகிறது. பதின்மூன்றாவதில் மீனைத் தவிர யாரும் யாரையும் கேட்க முடியாது என்று கணக்குப் பார்த்துத்தான் நின்றது. அதில் வந்த வைத்தியர்களின் கம்பனிப் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஊர் அவர்களைக் கப்பல்காரர் என்றே சொன்னது.

மச்சானை மச்சாள் கட்டுகிற வழக்கம் இந்தக் கரையில் இன்னும் விட்டுப்போகவில்லை. சில வீடுகளில் தாய்வழியாலும் தகப்பன்வழியாலும் தலசீமியா என்ற இரத்த நோய் வந்து ஒரு பிள்ளையில் சேர்ந்துவிடும். மாதாமாதம் ஊரார் இரத்தம் ஏற்றி வளர்க்கிற பிள்ளை. தேனுகாவும் மச்சானைத்தான் கட்டினவள். மூத்தவனை ஏழு வயதில் சுடலையில் கொண்டுபோய்த் தாட்டாள். அப்படிப்பட்ட பத்தொன்பது சோடிகளைக் கப்பல்காரர் வெருகல், இலங்கைத்துறை, கிளிவெட்டி, சல்லி என்று தேடிப் பிடித்தார்கள். கருவை வெளியே எடுத்து, தையற்காரன் சட்டையைப் பிரித்துத் தைக்கிற மாதிரி அதன் மரபணுவில் கெட்ட துண்டை வெட்டி நல்ல துண்டை ஒட்டி, திரும்ப வயிற்றில் வைப்போம் என்றார்கள். வெட்டினதும் ஒட்டினதும் அந்தப் பிள்ளையோடு நிற்காது, அதன் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். அதனால் அவர்களுடைய சொந்த நாடுகளில் இதைச் செய்தால் மறியலில் அடைப்பார்கள். இங்கே செய்யலாமா என்று ஒரு சட்டக்காரன் சொல்லவேண்டியிருந்தது. செய்யக்கூடாது என்று எங்கும் எழுதியில்லை, எழுதாதது குற்றமில்லை என்று இராசதுரை ஒரே தாளில் சொல்லிக் கொடுத்தார்.

கப்பல்காரருக்கு ஒரு உறுத்தல் மிஞ்சியிருந்தது. தாய்தகப்பன் கையெழுத்து வைக்கலாம்; ஆனால் மாற்றப்படுவது பிள்ளை. இன்னும் உருவாகாத பிள்ளையிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது? உலகத்தில் பெரிய மூளைகள் இதை யோசித்து முழி பிதுங்கிக்கொண்டிருந்தபோது, திருகோணமலையில் ஒரு மூளை அரை மணித்தியாலத்தில் தீர்த்துவிட்டது. பிறந்து முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும். அன்று பிள்ளையின் இடது பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் குத்தினால், செய்ததற்கும் செய்யப்போவதற்கும் சேர்த்துச் சம்மதம். தாயின் முகமே பிடிபடாத வயதில் சந்ததிக்கும் சேர்த்துச் சம்மதம்! கப்பல்காரர் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். சுவரிலுள்ள படம் அன்று எடுத்தது.

பத்திரத்தின் ஏழாம் வாசகத்தை இராசதுரை தன் கையால் எழுதினார். "கீழே அடையாளமிட்டவர், தம்மில் இதுவரை செய்யப்பட்டதும் இனிச் செய்யப்படவிருப்பதுமான சகல மாற்றங்களுக்கும், தாமும் தமது சந்ததியும் என்றென்றைக்கும் சம்மதித்தவராவர்." இதை எழுதி முடித்துவிட்டுக் கண்ணை மூடி இரண்டுதரம் வாசித்துப் பார்த்தார், பாயசம் சுவைக்கிறவர் மாதிரி.

முதற்பிள்ளை தேனுகாவுடையது. முப்பத்தொன்று அன்று சல்லிக்குப் போனார். வாசலில் கருவாடு காய்ந்தது. மூக்கில் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். கொடுத்த சோடாவைத் தொடவில்லை. மஞ்சள் தண்ணீர் மணத்தோடு கிடந்த மொட்டைத் தலைப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து விரலைக் குத்தினார். வட்டமாகக் கறுப்பாக விழுந்தது. ரேகை இல்லை. மூன்றுதரம் குத்தியும் அதே கறுப்பு வட்டம். பிள்ளை சிணுங்கவில்லை, கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தது. நல்ல பிள்ளை, அழவேயில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், அந்தப் பார்வையைக் கழற்றி எறிய ஆட்டோவில் வீடுவரை பாட்டுக் கேட்டார்.

ரேகை தெளிவாக இல்லாத பத்திரத்தைக் கப்பல்காரர் ஏற்கமாட்டார்கள். திரும்பவும் கருவாட்டு மணத்துக்குள் போக மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முந்தி மேசையில் இருந்து, புதுத் தாளில் தன்னுடைய இடது பெருவிரலைக் குத்தி, எனது முன்னிலையில் பிள்ளை இட்ட அடையாளம் என்று கீழே எழுதினார். மற்றப் பதினெட்டுக்கும் அவர் போகவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலை வடை கடித்துக்கொண்டு பதினெட்டையும் குத்தி முடித்தார். முன்னிலை முன்னிலை என்று எழுதிக் கை வலித்ததைத்தான் கோணேஸ்வரியிடம் முறையிட்டார்.

தேனுகா உள்ளே வந்தபோது ஈரத் துணியின் வாடையும் விறாந்தையோரம் ஒதுங்கி நின்ற, இந்த ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரிகிற மான்களின் வாடையும் சேர்ந்து வந்தன. முப்பத்தைந்து வயது இருக்கும், அதைவிடக் களைத்த முகம். பிள்ளைக்கு ஐந்து வயது. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். லோஜனா என்று பெயர் என்றாள். மரக்கதிரையில் பிள்ளைதான் ஏறி இருந்தது, தாய் நின்றாள். ஐந்து வயதுப் பிள்ளை இருந்ததற்கு அந்தக் கதிரை ஒரு தடித்த ஆள் இருந்த மாதிரி முனகியது.

இராசதுரை தொண்டையைச் செருமினார். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று தொடங்கி, கப்பல் போய்விட்டது, கம்பனி கலைந்துவிட்டது, பிள்ளை உயிரோடு இருக்கிறதே அதற்கு நன்றி சொல்லவேண்டாமா என்று மேலேயிருந்து கீழே பேசினார். தேனுகா முடியும்வரை கேட்டாள். போகாத கந்தோர் இல்லை என்றாள். எல்லோரும் பத்திரத்தைக் கொண்டுவா என்றார்களாம், பிறகு இப்படி ஒரு பத்திரம் இருக்கவே ஏலாது என்றார்களாம்.

"ஐயா, எனக்கு வழக்கு வேண்டாம். என்ர பிள்ளைக்குப் பதிலா ஆர் அடையாளம் வைச்சதெண்டு மட்டும் சொல்லுங்கோ."

"பிள்ளைதான் வைச்சது. நானே வந்து எடுத்தனான். மறந்துபோனீரோ?"

"எடுத்தனீங்கள். கறுப்பாத்தான் வந்தது. நான் பாத்தனான்."

பிறகு அவள் மெல்லச் சொன்னாள். பிள்ளைக்கு ஒரு விரலிலும் ரேகை இல்லாமல்தான் ஐந்து வருடம் போனது. நோய் இல்லை, காய்ச்சல் இல்லை, அழுகையும் இல்லை. தீபாவளி கழிந்து இடது பெருவிரல் கடியெடுத்து, சொறிந்துகொண்டே இருந்தாள். முதலில் ரேகை வந்தது. பிறகு, எங்கும் வெட்டாமல், வெட்டுத் தழும்பு வந்தது. இப்போது தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், ஒரு துண்டு பனங்கட்டி போதும் என்கிறாள். ஒருநாளும் காணாத ஒரு வீட்டின் அறைகளைப் பற்றிக் கதைக்கிறாள். வெருகல் பிள்ளையும் அப்படித்தானாம், கிளிவெட்டிப் பிள்ளையும் அப்படித்தானாம்.

இராசதுரை சிரிக்கப் பார்த்தார். சலரோகம் வந்த நாளிலிருந்து அவர் சீனி போடுவதில்லை; ஆறு மணிக்குக் கோணேஸ்வரி பனங்கட்டித் துண்டோடுதான் தேத்தண்ணி வைப்பாள். இதை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இந்த ஆட்களே இப்படித்தான், முடிவில் ஏதாவது பிடுங்கத்தான் வருவார்கள் என்று நினைத்தார். நினைப்பு அவ்வளவாகத் தைரியம் தரவில்லை. மேசையில் முகங்குப்புறக் கிடந்த போனுக்குப் பிள்ளை கையை நீட்டியது.

எடுத்தது. இடது பெருவிரலை வைத்தது. போன் திறந்தது.

அந்த வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் கீழேயிருந்து நீலமாகத் தெரிந்தது. அது எதையும் பார்க்கவில்லை. போனைத் திரும்ப முகங்குப்புற வைத்து, விளிம்பு மேசை விளிம்போடு நேராக இருக்கும்படி ஒரு விரலால் தள்ளிச் சரிசெய்தது. இராசதுரை செய்கிற மாதிரியே.

கையெழுத்துகளை ஒப்பிடுகிற பூதக்கண்ணாடியை எடுத்து அவர் பிள்ளையின் விரலைப் பிடித்தார். பிள்ளை தந்தது. கண்ணாடிக்குள் சுழி சுழியாக, பொடிப்பொடியாக, ஒரு ஐந்து வயது விரலில் அவருடைய விரல் இருந்தது. நடுவில் பாக்குவெட்டித் தழும்பு. தழும்பின் ஓரத்தில் மருந்துக்காரன் இரண்டு தையல் போட்ட புள்ளிகூட இருந்தது. பிள்ளையின் கை குளிர்ந்திருந்தது, அவர் விட்டபிறகும் அது அவரை விடவில்லை, மெதுவாகத்தான் விட்டது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம், நாளைக்கு வாரும் என்றார். குரல் அவருக்கே மெலிந்து கேட்டது.

"நான் கூட்டிக்கொண்டு வரேல்லை ஐயா," என்றாள் தேனுகா. "அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள். மற்றப் பிள்ளையளும் வந்துகொண்டிருக்கினம்."

சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள், கூப்பிடவில்லை. பெற்ற பிள்ளையைக் கூப்பிடப் பயந்த ஒரு தாயை இராசதுரை அன்றுதான் கண்டார். அதற்காக அவர் இரங்கினார் என்று நினைத்துவிடவேண்டாம். அலுமாரியில் பத்தொன்பது பத்திரங்களின் பிரதி இருக்கிறது, அதை உடனே எரிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய மூளையில் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குச் சோறு தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்து அலுமாரியடிக்குப் போனபோது கரண்ட் நின்றது. மின்விசிறி கறகறவென்று சுற்றி ஓய, அதுவரை அது மூடி வைத்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: கூரைப் பீலியில் தண்ணீர் இறங்குவது, துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் அடித்தொண்டையில் ஊதுவது, குசினியில் கோணேஸ்வரி பாத்திரம் நகர்த்துவது, அந்த எல்லாச் சத்தத்துக்கும் அடியில், அறைக்குள்ளேயே, ஒரு தடித்த மனிதன் விடுகிற மூச்சு. அலுமாரிச் சாவி அவருடைய கையில் நிற்கவில்லை. மீன் மாதிரி வழுக்கி விழுந்தது. எடுத்தார், விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கிப் பிடித்துத்தான் கதவைத் திறந்தார். யன்னல் வெளிச்சத்தில் கையைப் பார்த்தார். பத்து விரலும் வழுவழு. உள்ளங்கையில் ஆயுள் ரேகை இருந்த இடத்தில் ஒரு மங்கல் கோடு. பார்த்துக்கொண்டிருக்க அதுவும் போனது.

பின்னால் தோல் கதிரை முனகியது. அவருடைய கதிரை.

பிள்ளை அதில் இருந்தது. கஜந்தி கைப்பையோடு கதவடிக்கு வந்தாள், போன் வெளிச்சத்தைக் கதிரைப் பக்கம் பிடித்தாள்.

"சேர், நான் வெளிக்கிடட்டோ? மழை கூடப்போகுது."

அலுமாரி நிழலில் நின்ற இராசதுரை வாயைத் திறக்குமுன், கதிரையிலிருந்து இரண்டுதரம் செருமல் கேட்டது. கஜந்தி தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இருட்டில் பிழையாக விளங்கியிருப்பாள் என்று அவர் தனக்குச் சொன்னார். சட்டக்காரன் மூளை; எதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கும். ஆனால் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில்தான் விழுந்தது என்று அவருக்குத் தெரியும். கஜந்திக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

விறாந்தையில் மான்கள் ஒருமிக்க எழும்பின. குளம்புகள் சீமெந்தில் வழுக்கின. பிறகு ஒரு மானும் இல்லை.

யன்னலால் பார்த்தார். படலைக்கு வெளியே, குடைகளின் கீழ், பெண்கள். ஒரு பெண்ணும் உள்ளே வரவில்லை. ஒருத்தி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ஓடவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடிக்கவில்லை. கோடு போட்ட காற்சட்டை, பூப்போட்ட சட்டை, ஒருவனுக்கு மழையங்கி. எல்லோரும் ஒரே நடை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து, வயிற்றை முன்னே தள்ளி. வாதம் வந்த ஒரு கிழட்டு நொத்தாரிசின் நடை.

பைலை இழுத்தார். பத்திரங்கள் வழுக்கி நிலமெங்கும் பரந்தன. ஒன்றைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை. நெருப்புப்பெட்டி. குச்சி விரலிடுக்கால் நழுவியது. இன்னொன்று. அதுவும். முழங்கையால் தள்ளிப் பார்த்தார். பல்லால் கடித்தார். கடதாசி ஈரமாக வாய்க்குள் வந்தது, பழைய மையின் கசப்போடு.

"கோணேசு" என்று கத்தினார். கத்தினார் என்றுதான் நினைத்தார். வாய் திறந்தது. காற்றுப் போனது. சத்தம் இல்லை.

பிள்ளைகள் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். பதினெட்டு. ஈரம் சொட்டியது. யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. யாரும் சிணுங்கவில்லை. எல்லோரும் ஒரே மூச்சாக இரண்டுதரம் செருமினார்கள்.

"கீழே அடையாளமிட்டவர்," என்றாள் லோஜனா. பிள்ளைக் குரல்தான். நிறுத்துகிற இடங்கள் அவருடையவை. "தம்மில் இதுவரை செய்யப்பட்டதும், இனிச் செய்யப்படவிருப்பதுமான சகல மாற்றங்களுக்கும்."

நான் அடையாளமிட்டது உங்களுக்காக என்று சொல்ல நினைத்தார். நான் அல்ல, நீங்கள் என்று. அது பொய் என்று பத்தொன்பது தாளில் அவருடைய விரலே சாட்சி சொல்லிக்கொண்டு கிடந்தது. அந்த விரல்தான் இராசதுரை என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

பின்னுக்குப் போனார். மரக்கதிரையில் இருந்தார். கதிரை முனகவில்லை. ஒரு சின்னச் சத்தமும் இல்லை. சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. குனிந்து பார்த்தார்.

கால்கள் நிலத்தில் முட்டவில்லை. தொங்கின.

கோணேஸ்வரி கைவிளக்கோடு வந்தாள். மற்றக் கையில் தேத்தண்ணி. தட்டில் பனங்கட்டித் துண்டு. முப்பது வருடமாக ஆறு மணிக்கு வருகிற அதே வருகை. அவளுக்கு அவரைத் தெரியும். இருட்டிலும் தெரியும், இருமலிலும் தெரியும். இராசதுரை கையை நீட்டினார்.

அவள் மேசையைச் சுற்றிப் போனாள்.

"இஞ்சேருங்கோ, ஆறமுதல் குடியுங்கோ," என்று தோல் கதிரைக்கு முன்னால் கோப்பையை வைத்தாள். பிள்ளை பனங்கட்டியை எடுத்து ஓரத்தில் கடித்தது. கோணேஸ்வரி நிமிர்ந்து, விளக்கை உயர்த்தி, மரக்கதிரையைப் பார்த்தாள். முகத்தில் ஒரு வேற்றுமையும் இல்லை. பிறத்தியார் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கிற இரக்கம் மட்டும் இருந்தது.

"இது ஆர்ர பிள்ளை? பெரிய ஆக்களின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு இருக்குது."

"அடையாளம் எடுக்கோணும்," என்றாள் லோஜனா. லாச்சியை இழுத்து மைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். நிலத்தில் கிடந்த தாள்களைப் பிள்ளைகள் குனிந்து பொறுக்கி, தட்டி நேராக்கி, அவளுக்கு முன்னால் அடுக்கினார்கள்.

கோணேஸ்வரி விளக்கை வைத்துவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய விரல்கள் அதைச் சுற்றி வந்து முட்டின. அவ்வளவு சின்ன மணிக்கட்டு. அவர் இழுத்தார். எனக்குச் சம்மதமில்லை. இழுத்தார். எனக்குச் சம்மதமில்லை. வாய் அகலத் திறந்திருந்தது. அவள் விரலை மையில் அமுக்கினாள், தாளில் அமுக்கினாள், எடுத்தாள்.

வட்டமாக, கறுப்பாக, ஒரு ரேகையும் இல்லாமல் விழுந்தது.

"நல்ல பிள்ளை," என்று கோணேஸ்வரி அவருடைய தலையைத் தடவினாள். "அழவேயில்லை."

லோஜனா தாளை ஊதிக் காயவைத்தாள். எனது முன்னிலையில் என்று கீழே எழுதி, பக்கத்தில் தன் இடது பெருவிரலைக் குத்தினாள். தழும்பு நடுவில் வெள்ளைக் கோடாகத் தெளிவாக விழுந்தது. பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இன்னும் பதினெட்டு இருந்தன. கோணேஸ்வரி மணிக்கட்டை விடவில்லை.